லிவர் திடீர்னு ஃபெயில் ஆனா மார்ஸ் மெஷினா, பிளாஸ்மா மாத்தறதா, லிவரையே மாத்தறதா? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு ஒரு ஒப்பீடு

எங்க பக்கம் இந்தக் கேள்வி எப்பவும் ராத்திரி நேரத்துலதான் வரும். பாலக்கோட்டுல இருந்தோ அரூர்ல இருந்தோ ஒருத்தர் போன் பண்ணுவாரு, அண்ணே மச்சினனுக்கு மஞ்சக்காமாலை முத்திப்போச்சு, உளற ஆரம்பிச்சுட்டான், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க, பெங்களூர்ல லிவருக்கு டயாலிசிஸ் மாதிரி மெஷின் இருக்காம், வேலூர்ல பிளாஸ்மா மாத்துவாங்களாம், சென்னை போனா லிவரையே மாத்திடுவாங்களாம், நாங்க எங்க போறதுண்ணேன்னு ஒரே மூச்சுல கேப்பாரு. நான் டயாலிசிஸ் டெக்னீஷியன், டாக்டர் இல்ல. ஆனா இந்த மெஷின்லாம் எப்படி ஓடுது, எதை டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்க, என்ன ரிசல்ட் வந்துச்சுன்னு தெரியும். அதனால மொத்தமா ஒரே இடத்துல எழுதி வெச்சிடறேன்.

முதல்ல ஒண்ணு, இது எல்லா லிவர் நோயையும் பத்தி இல்ல. நேத்து வரைக்கும் லிவர் நல்லா இருந்த ஆளுக்கு திடீர்னு ஃபெயில் ஆகுது, ரத்தம் உறையற கணக்கு ஐஎன்ஆர் 1.5க்கு மேல போகுது, புத்தி தடுமாற ஆரம்பிக்குது, இதைத்தான் அக்யூட் லிவர் ஃபெயிலியர்னு சொல்றாங்க. வருஷக்கணக்கா குடிச்சு லிவர் சுருங்கி வயித்துல தண்ணி கோத்தது வேற கதை, அதுக்குக் கணக்கும் வேற. நம்ம ஜில்லாவுல திடீர் ஃபெயிலியருக்கு வர்றது யாருன்னு பாத்தா தண்ணியால வர்ற ஹெபடைடிஸ் ஏ, இ, அப்புறம் பி, டிபி மாத்திரை ஒத்துக்காதவங்க, எதுன்னே தெரியாத பச்சிலையைக் குடிச்சவங்க, இதுக்கெல்லாம் மேல எலி பேஸ்ட். மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள அந்த பேஸ்ட்டுக்குத் தடை வந்தும் பழைய ட்யூப் கேழ்வரகு மூட்டை பக்கத்துலயும் மாங்காய் தோப்பு ஷெட்டுலயும் இன்னும் கெடக்குது, வீட்டுல இருந்தா இன்னைக்கே எடுத்து அப்புறப்படுத்துங்க.

எதை வெச்சு முடிவு பண்றது

மெஷின் பேரைக் கேக்கறதுக்கு முன்னாடி இந்த விஷயங்களை மனசுல வெச்சுக்கங்க.

உயிர் பிழைக்கறது கூடுதா, இல்ல ரிப்போர்ட்ல நம்பர் மட்டும் குறையுதா? இதுதான் எனக்கு முதல் கேள்வி, கடைசி கேள்வியும் இதுதான். மஞ்சக்காமாலை அளவைக் காட்டற பிலிருபின் 24ல இருந்து 12க்கு வந்துச்சுன்னா வீட்டுக்காரங்க முகத்துல ஒரு தெளிச்சி வரும் பாருங்க, அதைக் கெடுக்க எனக்கே மனசு வராது, ஆனா பிலிருபினை இழுத்து எடுக்கறதுக்குன்னே செஞ்ச மெஷின் அதை எடுத்துடுச்சுன்னா லிவர் தேறிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. லிவர் பண்ற வேலை கழிவை எடுக்கறது மட்டும் இல்லியே, ரத்தம் உறையற ஃபேக்டரைச் செய்யணும், சர்க்கரையைப் பிடிச்சு வெக்கணும், கிருமியைத் தடுக்கணும். சாக்கடை நெறஞ்ச வாய்க்காலை தூர் வாரறதால மேல மோட்டார் ஓட ஆரம்பிச்சிடாது.

ரெண்டாவது, அந்த சிகிச்சை எதுவரைக்கும் தாங்கும்? லிவர் தானா முளைச்சு வர்ற வரைக்குமா, மாற்று லிவர் கிடைக்கற வரைக்குமா? மாற்று பண்ற வசதியே இல்லாத இடத்துல பாலம் மட்டும் போட்டா அக்கரை எங்க?

மூணாவது நேரம். நம்ம ஊர்ல இருந்து எத்தனை மணி நேரத்துல அது கையில கிடைக்கும். நாலாவது, பில்லுல மொதல்ல சொல்லாத செலவு. அஞ்சாவது, அந்த மெஷினே பண்ற கெடுதல், ரத்தக்கசிவு, பிளேட்லெட் குறையறது, பிபி இறங்கறது, லைன் போட்ட இடத்துல இன்ஃபெக்‌ஷன்.

வழி 1: மெஷின் இல்லாம நல்ல ஐசியூ

இதை யாரும் ஒரு வழியாவே எடுத்துக்க மாட்டேங்கறாங்க, சும்மா குளுக்கோஸ் ஏத்திட்டு படுக்க வெச்சிருக்காங்கன்னு கோபம் வேற. ஆனா எல்லா ட்ரையல்லயும் மெஷின் போடாத அந்தப் பக்கத்து குழுவுக்குக் குடுத்தது இதைத்தான், அவங்கள்லயும் நெறைய பேர் பிழைச்சிருக்காங்க. மணிக்கொரு தரம் சர்க்கரை பாக்கறது, என்-அசிட்டைல்சிஸ்டீன் மருந்து போடறது, அம்மோனியா ஏறி மூளை வீங்காம பாக்கறது, காய்ச்சல் வந்தா உடனே ஆன்டிபயாடிக். ஹெபடைடிஸ் ஏ-ல புத்தி தெளிவா இருந்து ஐஎன்ஆர் நாளுக்கு நாள் இறங்கிட்டு வர்ற ஆளுக்கு இதுவே போதும், அங்க மெஷின் போடறது காசுக்கும் கேடு கழுத்துல போடற லைனுக்கும் கேடு.

இதுல மறைஞ்சிருக்கற செலவு நேரம்தான். இங்கயே பாத்துக்கலாம், பாத்துக்கலாம்னு ரெண்டு நாள் போச்சுன்னா அப்புறம் கொண்டு போக முடியாத நிலைமை வந்துடும். எலி பேஸ்ட் கேஸ்ல இது ரொம்ப மோசம், மொத நாள் வாந்தி எடுத்துட்டு அப்புறம் ஆளு நல்லா எழுந்து உக்காந்து சாப்புடற மாதிரி ஒரு இடைவெளி வரும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறாங்க, அதுக்கப்புறம்தான் லிவர் அடி வாங்குது. அந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. அதனால அந்த நல்ல நாளை நம்பாதீங்க, அட்மிஷன்லயே இருக்கட்டும்.

வழி 2: மார்ஸ், ப்ரோமீதியஸ் மாதிரி ஆல்புமின் மெஷின்

பெங்களூர்ல இருக்குன்னு சொல்ற லிவர் டயாலிசிஸ் பெரும்பாலும் இந்த வகைதான். மார்ஸ் ஜெர்மனி ரோஸ்டாக்ல 1990கள்ல உருவானது. சாதா டயாலிசிஸ்ல தண்ணில கரையற யூரியா மாதிரி கழிவு மட்டும் வரும், பிலிருபின், பித்த அமிலம் எல்லாம் ரத்தத்துல ஆல்புமின்ங்கற புரதத்தைக் கட்டிப்பிடிச்சிட்டு இருக்கறதால ஃபில்டரைத் தாண்டி வராது. அதுக்காக ஃபில்டருக்கு அந்தப் பக்கம் 600 மில்லி, 20 சதவீத ஆல்புமினை சுத்த விடறாங்க, இந்தப் பக்கம் ஒட்டிட்டு இருக்கற விஷம் அந்தப் பக்கத்து ஆல்புமினுக்குத் தாவும், அந்த ஆல்புமின் கரி நெறஞ்ச ஒரு குழல், ரெசின் நெறஞ்ச ஒரு குழல் வழியா போய் கழுவிட்டுத் திரும்ப வரும். ஐடியாவைக் கேட்டா எனக்கு இன்னைக்கும் பிடிக்கும், நல்ல மூளை.

ஆனா டெஸ்ட்ல என்ன ஆச்சு? பிரான்ஸ்ல 16 சென்டர் சேந்து 102 பேரை வெச்சுப் பண்ணின ட்ரையல் 2013ல வந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு உயிரோட இருந்தது மார்ஸ் போட்டவங்கள்ல 84.9 சதவீதம், போடாதவங்கள்ல 75.5 சதவீதம். பாத்தா பெருசா தெரியுது, ஆனா இத்தனை பேருக்கு இந்த வித்தியாசம் தற்செயலா வந்திருக்கவும் வாய்ப்பு இருக்குன்னு கணக்கு சொல்லிடுச்சு. சிக்கல் எங்கன்னா, சீட்டு குலுக்கி எந்தக் குழுன்னு முடிவானதுல இருந்து மாற்று ஆபரேஷனுக்கு ஆன நேரம் நடுவுல நிக்கற ஆளுக்கு 16.2 மணி நேரம்தான், 102 பேர்ல 66 பேருக்கு மாற்று லிவரே கிடைச்சிடுச்சு. மெஷின் வேலை செய்யுதான்னு பாக்கறதுக்குள்ள புது லிவர் வந்துட்டா பிழைச்சது மெஷினாலயா லிவராலயான்னு எப்படிப் பிரிக்கறது?

இந்த மாதிரி கருவியை டெஸ்ட் பண்றதுல இருக்கற தலைவலியே இதுதான். நோயாளிங்க கம்மி, ஒவ்வொருத்தருக்கும் காரணம் வேற, ரெண்டு குழுவுல யாருக்கு மெஷின் ஓடுதுன்னு எல்லாருக்கும் தெரியும், மாத்திரைல சர்க்கரை மாத்திரை குடுத்து ஏமாத்தற மாதிரி வெறும் மெஷினை ஓட்ட முடியாது. அந்த பிரான்ஸ் நிலைமைக்கும் நம்ம நிலைமைக்கும் வேற ஒரு வித்தியாசமும் உண்டு, 16 மணி நேரத்துல லிவர் கிடைக்கற ஊர்ல டெஸ்ட் பண்ணின மெஷினை லிவரே கிடைக்காத ஆளுக்குப் போட்டா அதே ரிசல்ட் வரும்னு சொல்ல முடியாது. பழைய லிவர் நோய் முத்தினவங்களுக்கு மார்ஸை 189 பேர்ல பாத்தாங்க, ப்ரோமீதியஸை 145 பேர்ல பாத்தாங்க, ரெண்டுலயும் உயிர் பிழைக்கறது மொத்தத்துல கூடல.

மறைஞ்ச செலவுன்னு பாத்தா, ஒரு செஷன் ஆறு, எட்டு மணி நேரம் ஓடும், கிட் ஒரு தடவைக்குத்தான், ஆல்புமின் பாட்டில் தனி பில், ஐசியூ வாடகை தனி, ஒரு செஷனோட நிக்காது. பிளேட்லெட் இறங்கும், ஏற்கெனவே ரத்தம் உறையாத ஆளுக்கு அது சின்ன விஷயம் இல்ல. மாற்று ஆபரேஷன் முடிவாகி டோனருக்கு டெஸ்ட் ஓடிட்டு இருக்கு, நடுவுல ஒரு நாள் தாக்குப்பிடிக்கணும், குடும்பத்தால செலவைத் தாங்க முடியும்னா மார்ஸ் போடறது நியாயம். மாற்றே வேணாம்னு முடிவெடுத்த வீட்டுல நகையை அடகு வெச்சு இதைப் போடச் சொன்னா நான் தயங்குவேன்.

சைட்டோசார்ப் மாதிரி கழிவை உறிஞ்சற குழலை டயாலிசிஸ் மெஷின்லயே மாட்டி ஓட்டறதும் இப்போ நடக்குது. மாட்டறது சுலபம், பிலிருபின் இறங்கும், அதுக்கு மேல உயிர் கணக்குல பெரிய ஆதாரம் சொல்லிக்கற மாதிரி இல்ல. அம்மோனியா ஏறி நினைவு மங்கற ஆளுக்கு விடாம ஓட்டற சிஆர்ஆர்டி டயாலிசிஸ் இதைவிட உருப்படியான வேலை பண்ணும், கிட்னி கெட்டுப்போகறதுக்கு முன்னாடியே டாக்டர் அதைக் கேட்டா ஏன்னு சண்டை போடாதீங்க.

உயிருள்ள செல் வெச்ச மெஷின்

இதை வாட்ஸ்அப்ல பாத்துட்டு கேக்கறவங்களுக்காக ரெண்டு வரி. பன்னி லிவர் செல்லை வெச்சு ஓட்டின ஹெபட்அசிஸ்ட் 171 பேர்ல டெஸ்ட் ஆகி 2004ல ரிசல்ட் வந்துச்சு, 30 நாள்ல உயிரோட இருந்தது மெஷின் போட்டவங்கள்ல 71, போடாதவங்கள்ல 62 சதவீதம், மொத்தத்துல நிரூபணம் ஆகல. மனுஷ லிவர் கட்டியில இருந்து வளத்த செல்லை வெச்ச இலாட் 2015லயும் 2018லயும் பெரிய ட்ரையல்ல தோத்துடுச்சு, அதுவும் குடியால வந்த லிவர் நோய்க்குப் பண்ணினது. இன்னைக்கு நீங்க போய் வாங்கக்கூடிய சிகிச்சை இல்ல இது, யாராவது இருக்குன்னு சொன்னா சந்தேகப்படுங்க.

வழி 3: பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச்

என்னோட ஓட்டு முதல்ல இதுக்குத்தான். ரத்தத்துல இருக்கற மஞ்ச தண்ணியைப் பிரிச்சு எடுத்து வெளில தள்ளிட்டு டோனர் பிளாஸ்மாவை உள்ள ஏத்தறாங்க. கழிவு போகுது, அதோட உறையற ஃபேக்டரும் உள்ள வருது, மார்ஸால அந்த ரெண்டாவதைப் பண்ணவே முடியாது.

ஆதாரமும் இதுக்குத்தான் கொஞ்சம் கெட்டியா இருக்கு. கோபன்ஹேகன், லண்டன், ஹெல்சிங்கி மூணு ஊர்ல 182 பேர், 2016ல ரிசல்ட், ஆஸ்பத்திரியில இருந்து உயிரோட வீட்டுக்குப் போனது 58.7 சதவீதம், பண்ணாதவங்கள்ல 47.8. கவனிக்க வேண்டியது, மாற்று லிவர் கிடைச்சவங்களுக்கு இதால கூடுதல் பலன் தெரியல, கிடைக்காதவங்களுக்குத்தான் பலன். நம்மூர்ல பெரும்பாலான குடும்பம் அந்த ரெண்டாவது பக்கத்துல நிக்கறவங்கதானே. ஐரோப்பா லிவர் சங்கம் 2017 வழிகாட்டியில இதைச் சேத்திருக்காங்க.

அங்க பண்ணினது பெரிய அளவு, உடல் எடையில 15 சதவீதம், மூணு நாள். 60 கிலோ ஆளுக்கு கணக்கு போடுங்க, ஒரு நாளைக்கு 9 லிட்டர். ஒரு பை 200ல இருந்து 250 மில்லிதான், அப்போ நாளைக்கு 36 பைக்கு மேல, மூணு நாளைக்கு நூறைத் தாண்டும். எந்த ஜில்லா பிளட் பேங்க் ஒரே ஆளுக்கு இவ்வளவு குடுக்கும்? டெல்லி ஐஎல்பிஎஸ் லிவர் ஆஸ்பத்திரியில இதைக் குறைச்சு சாதா அளவுல, 40 பேரை ரெண்டு குழுவாப் பிரிச்சுப் பண்ணி 2022ல வந்த ரிசல்ட்ல, மாற்று இல்லாம 21 நாள் தாண்டினது பிளாஸ்மா மாத்தினவங்கள்ல 75, மாத்தாதவங்கள்ல 45 சதவீதம். 40 பேர்ங்கறது சின்னக் கூட்டம்தான், இருந்தாலும் நம்பிக்கை தர்ற திசை. வேலூர் சிஎம்சி-ல இன்னும் கம்மி அளவு, சுமாரா ஆள் பிளாஸ்மாவுல பாதியை மட்டும் மாத்தி, கூட கொஞ்சம் ஸ்டீராய்டு குடுத்து எலி பேஸ்ட் கேஸ்களுக்குப் பண்ணி எழுதியிருக்காங்க. அது சீட்டு குலுக்கிப் பிரிச்ச ட்ரையல் இல்ல, ஆனா நம்ம ஜில்லாவுக்கு வர்ற விஷத்துக்கே பண்ணினதுங்கறதால எனக்கு அது பெருசு.

மறைஞ்ச செலவு இங்கயும் இருக்கு, அதுல மொதல் செலவு மனுஷங்க. பிளட் பேங்க்ல கையிருப்பு இறங்கும்போது டோனர் கூட்டிட்டு வாங்கம்பாங்க, ஊர்ல இருந்து ஒரு வண்டி நெறைய பசங்க வரணும். பிளாஸ்மா குரூப் கணக்கு ரத்தத்துக்கு நேர் தலைகீழ், ஏபி குரூப்காரர் பிளாஸ்மா எல்லாருக்கும் ஆகும், ஓ குரூப் பிளாஸ்மா ஓ-வுக்கு மட்டும்தான். அதனால ஓ பாசிட்டிவ் பத்து பேரைக் கூட்டிட்டு வந்து ஏ குரூப் நோயாளிக்கு நேரா ஏத்தச் சொல்லி நிக்காதீங்க. பை எல்லாம் ஐஸ் கட்டியா வரும், 37 டிகிரி தண்ணில அரை மணி நேரம் போட்டு உருக்கணும், உருக்கினதை உடனே யூஸ் பண்ணிடணும், அதனால லேட் ஆகுதேன்னு வெளில கத்தறதுல அர்த்தம் இல்ல. ஓடும்போது ரத்தம் உறையாம இருக்க பைக்குள்ள சேத்திருக்கற சிட்ரேட் உடம்புல கால்சியத்தை இறக்கும், முழிப்பா இருக்கற ஆளுன்னா உதட்டைச் சுத்தி மரத்துப்போகுது, விரல் நுனி ஊசி குத்துதுன்னு சொல்வாங்க, கால்சியம் போட்டா சரியாகும். அரிப்பு, தடிப்பு, அபூர்வமா மூச்சுத்திணறல் வரலாம்.

இன்னொரு ஏமாத்து வேலை இதுல ஒளிஞ்சிருக்கு. செஷன் முடிஞ்ச உடனே ஐஎன்ஆர் பாத்தா நல்லா இறங்கியிருக்கும், அது டோனரோட ஃபேக்டர், நம்ம ஆளோடது இல்ல. அடுத்த செஷனுக்கு முன்னாடி எடுக்கற ஐஎன்ஆர்தான் லிவர் நெஜமா என்ன பண்ணுதுன்னு சொல்லும், அதை மட்டும் கேட்டு எழுதி வெச்சுக்கங்க.

வழி 4: மாற்று ஆபரேஷன்

லிவர் திரும்பாதுன்னு ஆனா உயிரைக் காப்பாத்தறது இது மட்டும்தான், மத்ததெல்லாம் இதுக்கு முன்னாடி நிக்கற ஏற்பாடு. எலி பேஸ்ட் கேஸ்ல யாருக்கு மாற்று வேணும்னு முடிவு பண்ண கொச்சியில ஒரு அளவுகோல் வெச்சிருக்காங்க, லிவர் நோய் எவ்வளவு மோசம்னு காட்டற மெல்டு ஸ்கோர் 36 அல்லது அதுக்கு மேல, இல்லன்னா ஐஎன்ஆர் 6 அல்லது அதுக்கு மேல, கூடவே புத்தி தடுமாற்றம். இந்த நம்பர் வர்ற வரைக்கும் காத்திருந்து அப்புறம் கிளம்பறதுன்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க, இந்த நம்பர் வரும்போது ஆளு மாற்று பண்ற ஆஸ்பத்திரி பெட்ல இருக்கணும்.

மூளைச்சாவு டோனர்னா தமிழ்நாட்டுல உறுப்பு மாற்றைக் கவனிக்கற அரசு அமைப்பு டிரான்ஸ்டான் வழியா அவசரப் பட்டியல்ல வரும், ஆனா நமக்கு வேணுங்கற அந்த ரெண்டு நாள்ல கிடைக்குமான்னு யாரும் சொல்ல முடியாது. அதனால நம்ம நாட்டுல பெரும்பாலும் வீட்டு ஆளே குடுக்கறாங்க. குரூப் சேரணும், லிவர்ல கொழுப்பு இருக்கக் கூடாது, பாதிக்கு மேல வெட்டி எடுப்பாங்க, அது திரும்ப வளந்துடும், ஆனா குடுக்கறவருக்கும் அது பெரிய ஆபரேஷன்தான், சில மாசம் பாரம் தூக்க முடியாது. விவசாய வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் படுத்துட்டா தக்காளி பறிக்கறது யாரு, இதை யாரும் பில்லுல போட மாட்டாங்க. ஆயுசு முழுக்க எதிர்ப்பு சக்தியை அடக்கற மாத்திரை, ரத்த டெஸ்ட், சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்வர செலவு. விஷம் குடிச்ச கேஸ்னா மனநல டாக்டரும் பாப்பாரு, அது தண்டனை இல்ல, மாத்தின லிவரோட அந்த ஆளு வாழணுமே அதுக்காக. வீட்டுல யாருக்காவது அந்த மாதிரி எண்ணம் வந்தா 104 இல்லன்னா 14416க்கு எந்த நேரமும் கூப்புடலாம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல லிவர் மாற்று வருது. சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலயும் மாற்று பண்ணியிருக்காங்க. கர்நாடகா பக்கம் போறதா இருந்தா அந்த ஆஸ்பத்திரியில நம்ம கார்டு செல்லுமான்னு ஆம்புலன்ஸ் ஏறறதுக்கு முன்னாடியே போன்ல கேட்டுடுங்க.

ஒரே பார்வையில

| வழி | உயிர் பிழைக்கறதுல ஆதாரம் | சொல்லாத செலவு | யாருக்கு நல்லது |
|---|---|---|---|
| நல்ல ஐசியூ மட்டும் | எல்லாத்துக்கும் அடிப்படை | தாமதம் | புத்தி தெளிவு, ஐஎன்ஆர் இறங்குது |
| மார்ஸ் வகை | நிரூபணம் ஆகல | கிட், ஆல்புமின், பிளேட்லெட் | மாற்று முடிவாகி காத்திருக்கறவங்க |
| பிளாஸ்மா மாத்தறது | ட்ரையல்ல பலன் தெரிஞ்சிருக்கு | பிளாஸ்மா பை, டோனர் கூட்டம் | மாற்றுக்கு வழியில்லாதவங்க, எலி பேஸ்ட் |
| மாற்று ஆபரேஷன் | லிவர் திரும்பாதவங்களுக்கு இதுதான் | டோனர் உடம்பு, ஆயுசு மாத்திரை | அளவுகோலைத் தொட்டவங்க |

ட்ரையல்ல சேத்துக்கறோம்னு சொன்னா

புது மெஷினை வெச்சு ஆராய்ச்சி நடக்குது, சேந்தா ஃப்ரீன்னு ஒரு இடத்துல சொல்லலாம். உடனே ஓடவும் வேணாம், உடனே கையெழுத்தும் வேணாம். சிடிஆர்ஐங்கற இந்திய ட்ரையல் பதிவேட்டோட பதிவு நம்பர் கேளுங்க, இந்தியாவுல 2009ல இருந்து ட்ரையலைப் பதிவு பண்றது கட்டாயம். நம்ம ஆளுக்கு மெஷின் வராத குழுவும் விழலாம்னு புரிஞ்சுக்கங்க, அதுல ஏமாத்து எதுவும் இல்ல, டெஸ்ட்னா அப்படித்தான். ட்ரையலால கெடுதல் வந்தா சிகிச்சை யார் செலவு, பாதியில வெளிய வந்தா வழக்கமான சிகிச்சை தொடருமா, மெஷின் மட்டும் ஃப்ரீயா ஐசியூவும் ஃப்ரீயா, இந்த மூணுக்கும் தமிழ்ல எழுதின தாள்ல பதில் இருக்கணும். நோயாளிக்கு நினைவு இல்லன்னா கையெழுத்து போடறது நீங்க, அதனால படிச்சுட்டுப் போடுங்க. எனக்கு ட்ரையல் மேல மரியாதை உண்டு, யாரோ 182 பேர் சேரலன்னா பிளாஸ்மா பத்தி இன்னைக்கு இவ்வளவு தைரியமா எழுதியிருக்க முடியாது. ஆனா அந்த ஆஸ்பத்திரியில மாற்று வசதியும் இருந்தாத்தான் சேருவேன்.

அப்போ எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பறது

எலி பேஸ்ட்டுன்னா கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரை ஆளுங்களுக்கு நான் வேலூரைத்தான் மொதல்ல சொல்வேன், வாணியம்பாடி, ஆம்பூர் வழியா நேர் ரோடு. ஓசூர், தேன்கனிக்கோட்டைன்னா பெங்களூர் கிட்ட, ஆனா அத்திப்பள்ளி தாண்டின பிறகு டிராஃபிக்ல போற நேரத்தையும் சேத்துக்கங்க, தூரம் கம்மின்னு மட்டும் பாக்காதீங்க. தர்மபுரி, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டிக்காரங்களுக்கு சேலம் பக்கம், அங்க பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச் உடனே ஆரம்பிக்க முடியுமான்னு கேட்டுட்டுப் போங்க, முடியாதுன்னா தொப்பூர் இறங்கி அங்க ஒரு நாள் இருந்துட்டு மறுபடி ரெஃபர் வாங்கறதுக்கு நேரா வேலூரோ சென்னையோ போயிடறது மேல்.

போன்ல கேக்க வேண்டியது: ஐசியூ பெட் இருக்கா, பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச் இன்னைக்கே ஆரம்பிப்பீங்களா, உங்க பிளட் பேங்க்ல இந்த குரூப் பிளாஸ்மா எத்தனை பை இருக்கு, மாற்று அங்கயே பண்றீங்களா. கையில எடுத்துட்டுப் போக வேண்டியது: நாள்வாரியா ஐஎன்ஆர், பிலிருபின், அம்மோனியா ரிப்போர்ட், குரூப் சீட்டு, காப்பீட்டு கார்டு, சாப்பிட்ட மருந்தோ பேஸ்ட்டோ அதோட கவர், குரூப் சேர்ற ரெண்டு சொந்தக்காரங்க. பகல்ல தூங்கி ராத்திரி முழிச்சிருக்காரு, பேர் கேட்டா யோசிச்சு சொல்றாருன்னா அது மூளைக்கு ஏற ஆரம்பிச்ச அடையாளம், தூக்க மாத்திரை எதுவும் குடுத்துடாதீங்க. ஆளு மயக்கத்துல இருந்தா மூச்சுக்குழாய் போட்டுட்டுத்தான் வண்டி ஏத்தணும், வழியில குளுக்கோஸ் ஓடிட்டே இருக்கணும், நடுவுல சர்க்கரை பாக்க ஆள் கூட வரணும், இதைக் கேட்டு வாங்குங்க.